தொடாமல் பார்த்த பழுது

வால்வு ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கப் பெண்களுக்கு வராது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? கிடார் மேதை அருள்பிரகாசம் அந்தப் புத்தகத்தையே எழுதியவர் போலப் பேசினார்.

"மூணு மெக்கானிக் இந்த ஆம்ப்ளிஃபயருக்கு வால்வு மாத்திட்டாங்க. அவங்க கடையில நல்லாப் பாடுது. இங்க வந்தா ஒரே ஒரு ஸ்வரத்துக்குக் கர்ருங்குது. அறுபது வருஷத்துப் பெட்டி, நீ கை வைக்கக் கூடாது. தொடாமலே சரி பண்ணு. முடியலேன்னா நாளையிலேர்ந்து ஸ்டுடியோவுக்கு வராதே."

"அந்த ஸ்வரத்தை வாசிங்க சார்," என்றாள் உதவியாளர் பொற்கொடி.

வாசித்தார். கர்ர்ர்.

கெட்ட வால்வைக் கண்டுபிடிக்க, அந்தக் கண்ணாடிக் குழல்கள் ஒவ்வொன்றையும் பென்சிலால் தட்டிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். பொற்கொடியும் பென்சிலை எடுத்தாள்.

"ஏய், தொடாதேன்னேன்ல!"

"பெட்டியைத் தொடல சார். நீங்க நிறுத்தாம வாசிங்க."

பெட்டியின் உச்சியில் 'இசைச் சிகரம் அருள்பிரகாசம்' என்று பொறித்த பித்தளைக் கேடயம் நின்றது. பென்சிலால் அதை அழுத்தினாள். இரைச்சல் நின்றது. பென்சிலை எடுத்தாள். கர்ர்ர்.

"பெட்டியில ஒண்ணுமில்ல சார். உங்க பட்டம்தான் அதிருது."

அருள்பிரகாசம் கேடயத்தைத் தானே தூக்கிக் கீழே வைத்தார்.

"இதை அந்த மூணு பேரும் ஏன் கண்டுபிடிக்கல?"

"அவங்களைப் பெட்டியைத் தொட விட்டீங்களே, சார். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"