தணிகாசலம் வரைந்த தணிகாசலம்

"படம் முடியவே மாட்டேங்குது, மேடம்" என்றார் தணிகாசலம்.

மேடத்துக்கு இருபத்தேழு வயது. பெயர் ஷைனி. காட்பாடியில் ஒரு மாடி அறையில், டேப்லெட்டில் படம் வரையக் கற்றுத் தருகிறவள். தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று. முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றிய தலைமையாசிரியர், இப்போது தானே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன குறையுது, சார்?"

"தெரியல. எல்லாம் இருக்கு. என்னமோ இல்ல."

ஷைனி கொடுத்த பாடம் இதுதான்: உங்களை நீங்களே வரையுங்கள். ஆனால் முகம் கூடாது. உங்களைச் சொல்லும் பொருட்கள் மட்டும்.

மற்றவர்கள் பத்து நாளில் முடித்துவிட்டார்கள். ஒருத்தி தேய்ந்த செருப்பு ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டாள். இவர்தான் மூன்று மாதமாக மாய்ந்து மாய்ந்து வரைகிறார்.

காரணம் இருந்தது. அவர் மனைவி வேதவல்லி எட்டு மாதத்துக்கு முன் ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. சண்டை பெரிதல்ல, அதாவது, அவரைப் பொறுத்தவரை. அவளுடைய தையல் மெஷினைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டார். புது புத்தக அலமாரி வந்திருந்தது, வீட்டில் இடம் ஏது? ஐப்பசி மழையில் மெஷின் துருப்பிடித்து ஒழிந்தது.

"உங்களைப் பத்தி நீங்க என்னதான் நெனச்சிட்டு இருக்கீங்க?" கிளம்பும்போது அவள் கேட்டது அவ்வளவுதான்.

இப்போது மகள் குடும்பத்தோடு மஸ்கட்டுக்குக் குடிபோகிறாள். வெள்ளிக்கிழமை விமானம். வேதவல்லிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் கேட்டதற்குப் பதிலாக இந்தப் படத்தை அனுப்புவார். பார்ப்பாள். மனசு மாறி வந்துவிடுவாள். அப்படித்தான் நம்பினார், பாவம்.

"காட்டுங்க, சார்."

காட்டினார்.

ஒரு ஆலமரம். கிளை தவறாமல் பறவைகள். அவரிடம் படித்த பிள்ளைகளாம். அடியில் ஒரு நாற்காலி, அதன் மேல் சால்வை. பள்ளிக்கூட மணி. குத்துவிளக்கு. அடுக்கடுக்காகப் புத்தகம். மிச்சமிருந்த இடத்தில் எல்லாம் வேர்.

"இது நீங்களா?"

"ஆமா."

ஷைனி திரையின் ஓரத்தில் எதையோ தொட்டாள்.

"நீங்க போட்ட கோடு, அழிச்ச கோடு எல்லாத்தையும் இது வீடியோவா பதிஞ்சு வச்சிருக்கும். மொதல்லேர்ந்து பாருங்க."

மூன்று மாதம் இரண்டு நிமிஷத்தில் ஓடியது.

வெள்ளைத் திரை. முதலில் வந்தது மரமல்ல. நட்டநடுவில் ஒரு தையல் மெஷின்.

அது அழிந்தது. மரம் வந்தது.

மரத்தடியில் மறுபடி மெஷின். நாற்காலி வந்தது, மெஷின் போனது. பக்கத்தில் வந்தது, கொஞ்சம் சின்னதாக. புத்தகங்கள் வந்தன, மெஷின் போனது. ஒரு முறை சக்கரமும் ஊசியும் அச்சு அசலாக அமைந்துவிட்டன. அந்த இடத்துக்குக் குத்துவிளக்கு வந்தது. கடைசியில் மூலையில், தீப்பெட்டி அளவுக்கு ஒன்று. அதன் மேல் ஒரு வேர் ஏறியது.

தணிகாசலத்துக்கு வரைந்தது ஞாபகம் இருந்தது. இத்தனை முறை என்பது ஞாபகம் இல்லை.

"பதினோரு தடவை, சார். ஏன் அழிச்சீங்க?"

"இடம் இல்ல, மேடம்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மாடிப்படியில் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது வேதவல்லியிடம் சொன்னதும் அதேதான், அதே குரலில்தான்.

ஷைனி டேப்லெட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"படம் முடிஞ்சுதான் இருக்கு, சார். இந்த வீடியோவ அனுப்புங்க."

"அசிங்கமா இருக்குமே, மேடம்."

"ஆமா, சார்."

அனுப்பினார்.

புதன்கிழமை பதில் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை மனிதர்.

வெள்ளிக்கிழமை, விமானத்தில் ஏறும் முன் வேதவல்லி எழுதினாள்:

"ஏழாவது தடவ வரைஞ்சீங்களே, அது அப்படியே நம்ம மெஷின். அதையாவது விட்டு வச்சிருக்கலாம்."