அடிப்பிடித்த கஞ்சி

“சாமி, லேசா ஒரு சமையல் சொல்லித் தாங்க” என்றார் தளவாய்.

அடுப்படிச் சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாருக்கு அண்ணாச்சி?”

“எம் பிள்ளைக்கு. ஏழு வயசு ஆகுது. பேரு கோமதி. அவ அம்மா போயி பத்து மாசமாச்சு.”

“என்ன செஞ்சுது?”

“காமாலை. முத்தினப்புறம்தான் தெரிஞ்சுது.”

சாமி ஒரு முறத்தை அவர் பக்கம் தள்ளினார். அதில் சின்ன வெங்காயம் இருந்தது.

மலையடிவார மடத்தில் மத்தியானம் வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றுகிறவர் அடுப்படிச் சாமி. சாமி என்பது பேருக்குத்தான். வயது முப்பதைத் தாண்டி இரண்டோ மூன்றோ. தாடிகூட இன்னும் ஒழுங்காக வளரவில்லை. உபதேசம் கேட்டு வருகிறவர்கள் கையில் உரிக்க வெங்காயத்தைக் கொடுத்துவிடுவார். பாதிப் பேர் அன்றைக்கே ஞானம் வேண்டாமென்று படியிறங்கிப் போய்விடுவார்கள்.

தளவாய் போகவில்லை. நாற்பத்தைந்து வயது மனிதர், சம்மணம் போட்டு உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.

“நான் மினி பஸ் ஓட்டுதேன் சாமி. கடைசி ட்ரிப்ப அடுத்தவன்கிட்ட குடுத்துட்டு அஞ்சரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருதேன். வந்தா கை கால் எல்லாம் விட்டுப்போயிருது. அதுக்குமேல நின்னு சமைக்கத் தெம்பில்ல. கடையில வாங்கிக் குடுத்தா பிள்ளைக்கு வயித்துக்குச் சேரல.”

“ம்.”

“லேசாவும் இருக்கணும். உடம்புக்கும் ஆகணும். வீட்டிலேயே செய்யணும்.”

சாமி சொன்னார்.

“ஒரு டம்ளர் அரிசி. அரை டம்ளர் பாசிப்பருப்பு. ரெண்டையும் கழுவி எட்டு டம்ளர் தண்ணி ஊத்துங்க. நாலு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம். குழைஞ்சு வரும்போது ஒரு கை முருங்கைக்கீரை. உப்பு போட்டு இறக்கிருங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

தளவாய் முகம் ஒரு மாதிரி ஆனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

*

எட்டாம் நாள் திரும்பி வந்தார்.

“சாப்பிட மாட்டேங்கா சாமி.”

“கஞ்சி நல்லா வந்துச்சா?”

“பூப்போல வந்துச்சு. புதுசா குக்கர் வாங்கினேன். போன்ல அலாரம் வச்சு, பக்கத்திலேயே நின்னு இறக்குதேன். ஒரு பருக்கை அடியில ஒட்டல.”

“அப்ப உளுந்தஞ்சோறு வையுங்க. ஒரு பங்கு கறுப்புத் தொலி உளுந்து, ரெண்டு பங்கு அரிசி, தேங்காய், பூண்டு, வெந்தயம். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வேகவிடுங்க. பொம்பளப் பிள்ளைக்கு இடுப்புக்கு நல்லது. தொட்டுக்க எள்ளுத் துவையல்.”

தளவாய் அதையும் கேட்டுக்கொண்டு போனார். கேட்பதில் அவரிடம் குறை சொல்ல முடியாது.

*

மூன்றாம் முறை வந்தபோது தளவாய் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

“உளுந்தஞ்சோறும் வேண்டாங்கா.”

“பிள்ளை என்ன சொல்லுதா?”

“‘வாசனையே இல்லப்பா’ங்கா. நெய் ஊத்திப் பாத்தேன். பெருங்காயம் போட்டேன். மல்லித்தழை தூவினேன். இதுக்குமேல வாசனைக்கு நான் எங்க போவேன்? ரெண்டு வாய் வைப்பா, தட்ட நகத்திருவா. பள்ளிக்கூடத்துச் சத்துணவையும் கொறிச்சிட்டு வச்சிருதாளாம்.”

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“முந்தாநாள் பிரேயர்ல நிக்கையில மயங்கி விழுந்துட்டா. போன் வந்து ஓடினேன். தூக்கிட்டு வாரேன், கையில கனமே இல்ல சாமி. அவ அம்மாவ விட்டாச்சு. இவளையும் விட்டுருவேனோன்னு பயமா இருக்கு.”

சாமி கீரை உருவுவதை நிறுத்தினார்.

“உள்ள வாங்க அண்ணாச்சி. உக்காருங்க.”

இந்த முறை வெங்காயம் கொடுக்கவில்லை.

“வீட்டில முன்னால யாரு சமைப்பா?”

“அவதான். சண்முகவடிவு.”

“சாயங்காலம் என்ன செய்வாங்க?”

தளவாய் தரையைப் பார்த்தார்.

“நீங்க சொன்ன அதே கஞ்சிதான் சாமி. அன்னைக்கு நீங்க சொல்லும்போதே எனக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு. தீப்பெட்டி ஆபீஸ்ல நாள் பூரா வேல பாத்துட்டு வருவா. அவளுக்கும் அதுக்குமேல முடியாது.”

“எப்படி இருக்கும்?”

“உள்ளதச் சொல்லட்டா? நல்லா இருக்காது. என்னைக்கும் அடிப்பிடிச்சிருக்கும். வாசல்ல செருப்பக் கழட்டும்போதே தீஞ்ச வாடை அடிக்கும்.”

“ஏன் அடிப்பிடிக்கும்?”

“அடுப்பப் பத்தவச்சிட்டுப் பக்கத்துச் சுவரோட சாஞ்சு உக்காருவா. அப்படியே தூங்கிருவா.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

மடத்து அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

“ஒரு கஞ்சி காய்ச்சத் துப்பில்லையான்னு கேப்பேன். சில நாள் தட்டத் தள்ளிட்டுப் புரோட்டாக் கடைக்குப் போயிருவேன்.”

“அவங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டா.”

“அந்தக் கஞ்சிய நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?”

“என்ன சாமி கேள்வி இது? பத்து வருசமா அதத்தான சாப்பிட்டேன்.”

சாமி அவரையே பார்த்தார். பிறகு கேட்டார்.

“அவங்க காய்ச்சின சட்டி இருக்கா?”

“பரண்ல கிடக்கு. அடியெல்லாம் கருத்துப்போச்சு.”

“அத எடுங்க. குக்கர் வேண்டாம், அலாரம் வேண்டாம். அடுப்பப் பத்தவச்சிட்டு அவங்க உக்காந்த இடத்துல உக்காருங்க.”

“உக்காந்து?”

“உக்காருங்க.”

“கஞ்சியில புதுசா என்ன போடணும்?”

“ஒண்ணும் போட வேண்டாம்.”

தளவாய்க்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். பிள்ளை பட்டினி கிடக்கிறாள், இவன் உட்காரச் சொல்கிறான். அரை வேக்காட்டுச் சாமியிடம் போய் நின்ற தன் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்தார்.

“என்ன சாமி விளையாடுதியளா? நான் வாற அசதிக்கு உக்காந்தா தூங்கிருவேன்.”

சாமி கீரையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

*

மறுநாள் சாயங்காலம் தளவாய் பரணிலிருந்து சட்டியை எடுத்தார். நம்பிக்கை வந்து எடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் எடுத்தார்.

கோமதி வெளி அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அரிசியையும் பருப்பையும் கழுவிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தார். போனைச் சட்டைப் பையோடு ஆணியில் மாட்டினார். சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்த இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

சுவரில் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. சண்முகவடிவு தலை சாய்த்த இடம். உள்ளங்கை அகலம் இருக்கும். பொங்கலுக்கு அடித்த வெள்ளையையும் மீறி எண்ணெய் ஊறித் தெரிந்தது; இத்தனை நாளும் அது அவர் கண்ணில் படவில்லை.

காலை நீட்டிய பிறகுதான் கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. அவளுக்கும் இப்படித்தானே வலித்திருக்கும் என்று நினைத்தார். அஞ்சு நிமிசத்தில் எழுந்து கிண்டிவிட வேண்டும் என்றும் நினைத்தார்.

அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை. தூங்கிப்போனார்.

*

ஸ்டூலை இழுக்கிற சத்தத்தில் விழிப்புத் தட்டியது.

வீடு முழுக்கத் தீஞ்ச வாடை. அதே வாடை. அரைத் தூக்கத்தில், பழக்கதோசத்தில், நாக்கு நுனி வரை அந்த வசவு வந்துவிட்டது. கண்ணைத் திறந்தார்.

கோமதி ஸ்டூலில் ஏறி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிடித்துச் சட்டியைக் கீழே இறக்கினாள். கை தேர்ந்திருந்தது. ஒரு தட்டு எடுத்து, மேலாகக் கரண்டியை விட்டு, வெள்ளைக் கஞ்சியை அதில் ஊற்றினாள். இன்னொரு தட்டு எடுத்தாள். சட்டியின் அடியைச் சுரண்டிப் பழுப்பாக இருந்ததை அதில் போட்டாள்.

“கோமதி.”

அவள் திடுக்கிட்டுச் சட்டியைப் பாவாடையால் மறைத்தாள்.

“அடிப்பிடிச்சிருச்சா?”

“லேசாத்தான்பா. உங்களுக்கு மேலாப்புல எடுத்துட்டேன். வெள்ளையா இருக்கு, பாருங்க.”

“இப்படி எடுக்க யாரு சொன்னா?”

“அம்மா. மேல உள்ளது அப்பாவுக்கு. அடியில உள்ள காந்தல் எனக்கும் அம்மாவுக்கும். நீங்க எந்திரிச்சுப் போனப்புறம் நாங்க ரெண்டு பேரும் சுரண்டிச் சாப்பிடுவோம்.”

“அடுப்ப யாரு அணைப்பா?”

“நான்தான். அம்மா தூங்குவால்லா.”

“அம்மாவ எழுப்ப மாட்டியா?”

“உங்க பைக் சத்தம் கேட்டாத்தான் எழுப்புவேன்.”

தளவாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னைக்கு ஏன் என்னைய எழுப்பல?”

இது ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தாள்.

“நீங்கதான் வந்துட்டீங்களேப்பா. இனிமே ஏசுததுக்கு யாரு வருவா?”

*

அவள் சுவரோரம், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டை நகர்த்தவில்லை. விரலை நக்கினாள். தட்டையும் வழித்தாள்.

தளவாய் தன் தட்டைப் பார்த்தார். வெள்ளைக் கஞ்சி. ஒரு கறுப்புத் துணுக்குக்கூட இல்லை. இப்படிப் பொறுக்கி எடுத்து வைத்ததைத்தான் பத்து வருசமாகக் குற்றம் சொல்லியிருக்கிறார்.

“எனக்கும் கொஞ்சம் காந்தல் குடும்மா.”

கோமதி சட்டியை எட்டிப் பார்த்தாள். அடியில் பாதியைச் சுரண்டாமல் விட்டுவைத்திருந்தாள்.

“அது அம்மா பங்கு.”

தளவாய் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவர் முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்துச் சுரண்டி, அவர் தட்டில் போட்டாள்.

“சாப்பிடுங்க. அம்மா ஏச மாட்டா.”

*

அடுத்த வாரம் தளவாய் மடத்துக்கு வந்தார். கேட்காமலே முறத்தை இழுத்து வைத்துக்கொண்டார். முதல் வெங்காயத்தில் கைவைக்கும் முன்பே அவர் கண் கலங்கியிருந்தது.

“பிள்ளை சாப்பிடுதாளா அண்ணாச்சி?”

“சாப்பிடுதா சாமி. நித்தமும் சாப்பிடுதா.”

“நல்லது.”

இருவரும் வேலையைப் பார்த்தார்கள். அடுப்பில் உலை கொதித்தது. முறத்தில் பாதி வெங்காயம் தீர்ந்தது.

“அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்கல்லா சாமி” என்றார் தளவாய். “அந்தக் கஞ்சிய நீங்க சாப்பிட்டிருக்கீங்களான்னு.”

சாமி கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

“இல்ல சாமி.”