பூந்திக்கொட்டை ஏன் கசக்கிறது?

அந்தக் காலத்தில் மரங்கள் எல்லாம் வாய் திறந்து பேசும். பூந்திக்கொட்டை மரமும் பேசும். அப்போது அதன் காய்க்குக் கசப்பே கிடையாது. பெண்கள் குளக்கரையில் அதை நசுக்கித் தலைக்குத் தேய்ப்பார்கள். தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் எண்ணெய், அந்த நுரையில் மயங்கித் தண்ணீரோடு சேர்ந்து போய்விடும்.

அந்த நாட்டு அரசனுக்குத் தலைக்கனம் அதிகம். ஒருநாள் குழம்பில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்துவிட்டுக் குதித்தான்.

"நான் ஆளுற நாட்டுல எண்ணெய் தண்ணியோட சேராதா? இன்னைக்கு ஊர்ப் பிள்ளைங்களுக்கு விருந்து. குழம்புல ஒரு சொட்டு எண்ணெய் தனியா நிக்கக் கூடாது!"

சமையல்காரி கொற்றி கிண்டிப் பார்த்தாள், கடைந்து பார்த்தாள். கரண்டியை எடுத்ததும் எண்ணெய் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. "கொஞ்சம் பொறுங்க சாமி, வயித்துக்கு ஒத்துக்கிற சரக்கா ஒண்ணு தேடுறேன்" என்றாள்.

அரசனாவது பொறுப்பதாவது! ஆட்களை அனுப்பிப் பூந்திக்கொட்டையை உலுக்கிக் கொண்டுவரச் சொல்லி, நசுக்கி அண்டாவில் கொட்டினான். குழம்பு ஒன்றாகிவிட்டது. கொற்றி அண்டாவை மறித்து நின்றாள். ஒரு கோடையில் குளத்தில் இந்த நுரை மிஞ்சிப்போய் மீன்கள் செத்து மிதந்ததைப் பார்த்தவள் அவள்.

"சாமி, இது தலைக்குத் தேய்க்கிறது. பிள்ளைங்க வயித்துக்குள்ள போகக் கூடாது."

"எண்ணெய் சேந்துச்சா இல்லையா? பரிமாறு!"

"மாட்டேன்." கொற்றி கரண்டியைக் கீழே போட்டாள்.

அரசன் வேறு ஆட்களை ஏவினான். பிள்ளைகளின் இலைகளில் சோறு விழத் தொடங்கியது. கொற்றி குளக்கரைக்கு ஓடி, நடந்ததை மரத்திடம் சொல்லி அழுதாள்.

"ஒரு வழி இருக்கு. மண்ணுல உள்ள கசப்பையெல்லாம் உறிஞ்சி, அண்டாவுல கிடக்கிறதையும் சேத்து என் காய்க்கெல்லாம் ஏத்திடுறேன். ஏத்தினா இறங்காது. அப்புறம் ஒரு குருவிகூட என்னைக் கொத்தாது" என்றது மரம்.

"அதை உன்கிட்ட நான் எப்படிக் கேப்பேன்?"

"நீ கேக்க வேண்டாம். என்னை வெச்சுப் பிள்ளைங்களைக் கொல்ல நான் விடமாட்டேன்."

மரம் வேரை இறுக்கி உறிஞ்சியது. அங்கே முதல் கவளத்திலேயே பிள்ளைகள் தூ தூ என்று துப்பினார்கள். ருசி பார்த்த அரசனும் துப்பினான். கோடரியோடு குளக்கரைக்கு வந்து நின்றான்.

"மறுபடி பழையபடி ஆகுறியா, வெட்டட்டுமா?"

"வெட்டு. துளிர்த்து வந்தும் கசப்பேன்!"

கொற்றி மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஓங்கிய கோடரியை அரசன் இறக்கத்தான் வேண்டியிருந்தது.

பிறகு கொற்றி கோழிமுட்டையின் மஞ்சள் கருவை எடுத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்து, ஆறவைத்த புதுக் குழம்பில் கலந்தாள். எண்ணெய் பிரியவே இல்லை. பிள்ளைகள் இலையை வழித்துச் சாப்பிட்டார்கள்.

"இதை முன்னாடியே செஞ்சா என்ன?" என்று உறுமினான் அரசன்.

"பொறுங்கன்னு சொன்னேன். நீங்க பொறுக்கலை."

அன்று முதல்தான் பூந்திக்கொட்டை எண்ணெயையும் தண்ணீரையும் தலையில் மட்டும் சேர்த்துவைக்கிறது. நாக்கில் வைத்தால், வைத்தவன் அரசனே ஆனாலும், துப்பவைக்கிறது.