சாட்சிக்கு வந்த புல்லு

இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா, என் புல்தரையில காட்டெருமை படுத்துப் பொரளட்டும். எனக்குப் புல்தரையே கெடையாது, அது வேற சமாச்சாரம். ஆனாலும் சத்தியம் சத்தியந்தானுங்க.

ஊட்டிக்குக் கீழ, பள்ளத்துல ஒரு காலனி. தை மாசம். பனி ஒறைஞ்சு, விடிஞ்சு பாத்தா தரையெல்லாம் உப்பைக் கொட்டி வெச்சாப்ல கெடக்கும்.

அந்தக் காலனியில ரிட்டயர்டு சர்வேயர் ஒருத்தரு. பேரு குழந்தைவேலு. வயசு அறுவத்தி ரெண்டு. கோவம் வந்தா அடுப்புல மறந்துட்டுப் போன குக்கரு.

"பிரசர் ஏறிக் கெடக்குது, போயிப் புல்லாவது வளத்துங்க"ன்னு டாக்டர்தான் அவரைச் செபமாலைகிட்ட அனுப்பி வெச்சாரு.

செபமாலை மேட்டுல சின்னதா நர்சரி வெச்சிருக்கிற பொம்பள. சர்வேயருக்கு மக வயசு. அவளைக் குருன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. ஆனா வெள்ளிக்கிழமை தவறாம பாடத்துக்கு வந்துருவாரு.

அன்னிக்குச் செவ்வாக்கிழமை. காலைல எட்டு மணிக்கே வந்து நின்னாரு. கையில ஒரு தகரத் தட்டு. பேக்கரியில வர்க்கி அடுக்கி வெப்பாங்களே, அது.

தட்டுல வர்க்கி இல்ல. புல்லு. வேரும் மண்ணுமா சதுரமா வெட்டி எடுத்த புல்லு. நட்டநடுவுல கருகிப்போன காலடித் தடம் ஒண்ணு.

"அம்மிணி! இதென்னன்னு பாரு!"

கம்பூட்ஸை வாசப்படியில கழட்டி வீசிட்டு உள்ள வந்தாரு.

"புல்லுங்க சார்."

"புல்லா? சாட்சி! என் தரைய மிதிச்சு மிதிச்சு நாசம் பண்ணிட்டா, அந்தப் பால்காரி மாதி!"

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை உருவுனாரு. போலீசுக்கு மனு. காலனிச் சங்கத்துச் செயலாளருக்கு ஒரு நகல். செயலாளர் யாருன்னு கேக்கறீங்களா? அவரேதான்.

அந்த மனு போய்ச் சேந்துச்சுன்னா, காலனியில பதினாலு வீட்டுப் பாலும் மாதி கைய விட்டுப் போச்சு. இருவது வருசமா அவரு காம்பவுண்டு ஓரத்துப் பாதையிலதான் அவ வந்து போவா. இப்பவே கேட்டைப் பூட்டிட்டாரு. கேனைத் தூக்கிக்கிட்டு மேட்டு ரோட்டைச் சுத்தி, மூச்சு வாங்க வாரா.

"புல்லு தெரிஞ்சவங்கற மொறையில நீ ஒரு கையெழுத்துப் போடு. நிபுணர் சாட்சி."

செபமாலை தட்டைக் கையில வாங்குனா. வாசலுக்குப் போனா. படிக்குக் கீழ, காலு எறங்கற எடத்துல, தட்டை வெச்சா.

"ஏய், சாட்சிய எதுக்கு அங்க வெக்கற?"

"கொஞ்சம் வெயில் படட்டுங்க சார். தடத்தை அளந்தீங்களா?"

"அளக்காம? முப்பத்தி நாலு வருசம் நெலம் அளக்கற சங்கிலி புடிச்ச கை! பதினோரு அங்குலம். கம்பூட்ஸ் தடம். அவளும் கம்பூட்ஸ்தான் போடறா."

"மாதி காலு எத்தனை அங்குலம்?"

"பொம்பள காலை நான் எப்படி அளக்கறது? குத்துமதிப்பா ஒம்போது இருக்கும். புருசன் பூட்ஸை மாட்டிக்கிட்டு வந்திருப்பா, கள்ளி!"

"நேர்ல பாத்தீங்களா?"

"அதாம்மிணி என் வயித்தெரிச்சல்! விடியக்காலம் அஞ்சரைக்கே எந்திரிச்சு, ஸ்வெட்டரு, குல்லா, டார்ச்சுன்னு மாட்டிக்கிட்டு, தரைய நாலு சுத்து சுத்தறேன். ஒரு ஈ காக்கா இல்ல! ஆனா அடுத்த வாரம் பாத்தா இன்னும் நாலு வரிசை தடம் கூடியிருக்குது. என்ன திமிரு பாரு! நான் காவக் காக்கக் காக்க, அவ அதிகமா மிதிக்கறா!"

செபமாலைக்கு வாயோரம் துடிச்சுது. பாவம், நமக்காக அழுகப் போறான்னு அவரு நெனச்சுக்கிட்டாரு.

"மொதத் தடம் எப்பங்க சார்?"

"மார்கழியில. மொதப் பனி விழுந்து ஒரு வாரம் இருக்கும்."

"மொதப் பனியன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"என்னத்தப் பண்றது? பெருந்துறையில என் மச்சான், இத்தனை வெள்ளையாவா பனி விழும்னு நம்ப மாட்டேன்னான். தரை நடுவுல போய் நின்னு படம் புடிச்சு அனுப்புனேன். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

செபமாலை குனிஞ்சு, சுவரோரம் நெழல்ல இன்னும் வெள்ளையாக் கெடந்த புல்லுல ஒரு இலையைக் கிள்ளுனா. வாசல்ல வந்து நின்ன அவரு மூஞ்சிக்கு நேரா புடிச்சு மடக்குனா.

டிக்.

கண்ணாடிச் சில்லாட்டம் ஒடைஞ்சுது.

"பனி ஒறைஞ்சப்ப மிதிச்ச புல்லு இன்னிக்கெல்லாம் பச்சையாத்தானுங்க இருக்கும். நாலு நாள் கழிச்சுத்தான் கருகும்."

"எனக்குப் பாடம் வெள்ளிக்கிழமை! இன்னிக்குக் கையெழுத்து!"

"சரிங்க. அதுக்கு முன்னால உங்க காவக்காரனை வேலைய விட்டு நிறுத்துங்க."

"காவக்காரனா? எனக்கேது காவக்காரன்?"

அவ அவரை மேலயும் கீழயும் பாத்தா.

"நக்கலா? ஓகோ. இப்பப் புரியுது. பால்காரிக்கு வக்காலத்தா? தெனம் ஒரு லிட்டர் ஓசியில ஊத்தறாளோ?"

"நான் குடிக்கறது கட்டங்காப்பிங்க சார்."

அவருக்கு நெத்தி நரம்பு பொடைச்சுது. டாக்டர் பாத்திருந்தா மயங்கி விழுந்திருப்பாரு.

"உன்னையும் ஒரு குருன்னு நம்பி வந்தேன் பாரு! நீ போட வேண்டாம் தாயி. நேரா ஸ்டேசனுக்கே போறேன்!"

விருட்டுன்னு திரும்புனாரு. கோவத்துல கீழ பாக்கல. வலது பூட்ஸுக்குள்ள காலை விட்டாரு. படிய விட்டு ஓங்கி எறங்குனாரு.

தட்டு "ணங்"குன்னுச்சு.

குனிஞ்சாரு.

தடத்துக்குள்ள பூட்ஸு. குதிகாலு குதிகாலோட. நுனி நுனியோட. முப்பத்தி நாலு வருசத்துல அவரு போட்ட ஒரு எல்லைக்கோடும் இப்படிப் பிசகாம உக்காந்ததில்ல.

இடது காலு வெறும் சாக்ஸோட காத்துல நின்னுச்சு.

"இது... இதெல்லாம்..."

செபமாலை இன்னொரு பூட்ஸை எடுத்து அவருகிட்ட நகத்தி வெச்சா.

"சரி! காவலுக்குச் சுத்துனது நானு. ஒத்துக்கறேன். மொதத் தடம்? நான் சுத்தறதுக்கு முன்னாலயே ஒண்ணு இருந்துச்சே, அது யாரு? சொல்லு, அது யாருங்கறேன்!"

"உங்க மச்சான் படத்தை இன்னும் வெச்சிருப்பாருங்க. கேட்டுப் பாருங்க."

மேட்டு ரோட்டுல கேன் மூடி லொட லொடன்னு சத்தம் கேட்டுச்சு. மாதி சுத்திக்கிட்டு வந்துக்கிட்டிருந்தா.

செபமாலை கைய நீட்டுனா.

சர்வேயர் மனுவை நீட்டுனாரு.

அவ வாங்கல.

"அது வேண்டாங்க. பாதைக் கேட்டோட சாவி."

அவ்வளவுதானுங்க. எங்க எந்திரிக்கறீங்க? கதை கேட்ட காது சும்மா போகுமா? ஆளுக்கு ஒரு டீ, ரெண்டு வர்க்கி எனக்கு எடுத்து வெச்சிட்டு நகருங்க. வர்க்கி முழுசா வேணும், அடியில கெடக்கற தூளைக் கூட்டித் தள்ளிப்புடாதீங்க. அப்புறம், தட்டை மட்டும் நல்லாக் கழுவிருங்க.