களாச் செடிக்குப் போட்ட பதியம்

கடலோரமா ஒரு ஊர்ல ஒரு சலேத்தம்மா இருந்தா. கருவாடு போடுறவ. ம் கொட்டிக்கிட்டே கேளு, இல்லேன்னா நிறுத்திருவேன்.

அந்த ஊருக்கு ஒரே ஒரு நல்ல தண்ணிக் கிணறு. கிணத்துக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு களாப் புதர், உடம்பெல்லாம் முள்ளும் கருப்பு கருப்பா பழமுமா. காத்து சர்ரு சர்ருன்னு மணலை வாரி எறியும், புதர் அத்தனையையும் தடுத்து வச்சுக்கும். அந்தப் புதரோட அடியைத்தான் கடல் அரிக்க ஆரம்பிச்சுது. அது போச்சுன்னா கிணறு மணலால மூடிரும், ஊரே தண்ணிக்கு நாயா அலையணும்.

அப்போ சலேத்தம்மா என்ன பண்ணா? பழத்தைப் பிசைஞ்சு விதையை எடுத்தா. எடுத்த கையோட போட்டிருக்கணும். இவளுக்குத்தான் எதைக் கண்டாலும் உப்புல அலசிக் காயப்போட்டே பழக்கமாச்சே. களா விதையையும் கருவாடாக்கிட்டா. மழை வந்ததும் விதைச்சா, ஒண்ணு கூட முளைக்கல. சிரிக்காதே, பாவம், அவ அழுதுட்டா.

அப்புறம் பத்து குச்சியை வெட்டி நட்டா. பால் சொட்டச் சொட்ட நட்டதுல பத்தும் அழுகிப் போச்சு. அதுக்குள்ள கடல் இன்னும் ரெண்டு முழம் உள்ள வந்துட்டுது. தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

அப்புறம் அவ புருசன் இன்னாசி சொன்னான், "வெட்டுனாத்தானே அழுகுது? வெட்டாமலே புதைச்சுப் பாரு புள்ள."

கிணத்துப் பக்கம் நீண்டிருந்த ஒரு கிளையை வளைச்சா, பட்டையைக் கொஞ்சம் சுரண்டுனா, மண்ணுக்குள்ள அமுக்கி மேல கல்லை வச்சா. நுனி மட்டும் வெளியே எட்டிப் பாத்துச்சு. இதுக்குத்தான் பதியம்னு பேரு. அது பிடிச்சா அதுலேருந்து பத்து பதியம் போட்டுக்கலாம். வேர் விட மூணு மாசம் ஆகும்னாங்க.

ரெண்டு மாசம்தான் ஆச்சு. ஒரு மத்தியானம் கடல் பொங்கிருச்சு. தடால் தடால்னு அலை. தாய்ப்புதர் சாயுது, கிளை விண்ணுன்னு இழுபடுது.

"கிளையை அறுத்துவிடு, இல்லேன்னா புதைச்ச பிள்ளைச் செடியையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்," இன்னாசி கத்துனான்.

"வேர் விடாம இருந்தா?"

அவன் அரிவாளை எடுத்து நீட்டுனான்.

சரக்னு அறுத்தா. தாய்ப்புதர் தொபுக்குனு கடல்ல விழுந்துச்சு. ம் சொல்லு.

"ம்."

அப்புறம் அலை அடங்குச்சு. சலேத்தம்மா மாதாவைக் கூப்பிட்டுக்கிட்டே அந்தச் சின்னத் தண்டை ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா இழுத்தா. வரல. இன்னும் கொஞ்சம் இழுத்தா. மண்ணு விடமாட்டேன்னுட்டுது.

அங்கேயே உக்காந்து ஓன்னு அழுதா, சந்தோசத்துலதான். இன்னாசி குடத்தைத் தூக்கிக்கிட்டுக் கிணத்துக்கு ஓடுனான், அதுக்குத் தண்ணி ஊத்த.

களாவும் வேர் பிடிச்சுது, கதையும் கரையேறிட்டுது, கண்ணை மூடு.