மூன்றாவது கண்ணாடி

தறிக்காரத் தெருவுக்கு அடியில் ரயில் நிலையம் தோண்டிய வருடத்தில், ஐம்பத்தேழு வயதான தேவசகாயம் முப்பத்திரண்டு வயதான நசீமாவிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அதுவரை அவர் அந்தத் தெருவில் குடையும் பெட்டியும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். நிலையத்தின் வாசல் வரவேண்டிய இடத்தில் கடை இருந்தது. கடை போயிற்று. அப்படிக் கடை போனவர்களில் ஒன்பது பேருக்கு அங்கேயே வேலை கொடுத்தார்கள். தேவசகாயத்துக்குக் கிடைத்தது கண்ணாடி பார்க்கும் வேலை.

கீழே தோண்டத் தோண்ட மேலே இருக்கும் பழைய வீடுகள் அசையும். விரிசல் கண்ட சுவரில், விரிசலுக்குக் குறுக்கே, விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்துப் பதிப்பார்கள். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். முப்பத்தெட்டு வீடுகள், நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிகள். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் பார்த்து, ‘சரி’ என்றோ ‘உடைந்தது’ என்றோ நோட்டில் எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அதைக் கற்றுக்கொடுக்க, அந்த வேலையை மேற்பார்வை பார்த்த நசீமா நான்கு நாள் எடுத்துக்கொண்டார்.

“கண்ணை நம்பாதீங்க ஐயா. நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க. மெல்லிசா உடைஞ்சிருந்தாலும் நகம் தட்டும்.”

தேவசகாயம் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார். தெரு சும்மா விடுமா?

“தேவு, டீச்சர் வர்றாங்க, ஸ்லேட்டை எடு!” என்று பூக்கட்டும் செல்லம்மா கத்துவாள்.

“இந்த வருஷமாவது பாஸ் பண்ணுவியா?” என்பார் கறிக்கடை அந்தோணி.

இருபத்து மூன்றாவது வீடு கோதண்டத்துடையது. கோதண்டம் தேவசகாயத்தின் முப்பது வருட நண்பர். முன்னறையில் கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்ப்பவர். உள்ளறையில் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவர் மனைவி வேதவல்லி படுத்திருந்தாள். எழுந்து நடமாடி ஏழு மாதம் ஆகியிருந்தது. தலைமாட்டுச் சுவரில் விரிசல். அதன்மேல் மூன்று கண்ணாடிகள்.

வேதவல்லி படுத்தபடியே தெருவைக் காதால் பார்ப்பாள்.

“அது யாரு தெரியுமா அண்ணே? முட்டைக்காரர். அவர் வண்டிக்குப் பின்சக்கரம் அழும். பெண்டாட்டி ஊருக்குப் போயிட்டா அவரும் சேர்ந்து அழுவார்.”

வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நடுக் கண்ணாடியில் தேவசகாயத்தின் நகம் தட்டியது.

கோதண்டம் பார்த்துவிட்டார். நண்பரைக் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப் போனார்.

“டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். பத்து நாள், மிஞ்சினா பதினஞ்சு. இதை எழுதினா இன்னிக்கே காலி பண்ணச் சொல்வாங்கடா. தெருச் சத்தம் கேக்காத எடத்துல அவ எப்படிடா சாவா?”

அவர் அழுதார். தேவசகாயமும் அழுதார். பிறகு தேவசகாயம் பையிலிருந்து வேறொரு கண்ணாடியை எடுத்து, உடைந்த இடத்தில் பதித்து, நோட்டில் ‘சரி’ என்று எழுதினார்.

ஐந்தாம் நாள் அதுவும் உடைந்தது. மாற்றினார். ஒன்பதாம் நாள் மறுபடி உடைந்தது. மாற்றினார். ஒன்பது நாளும் ‘சரி’ என்றே எழுதினார்.

பத்து நாளைக்கு ஒருமுறை நசீமா எல்லா வீட்டையும் தானே சுற்றிப் பார்ப்பது வழக்கம். பத்தாம் நாள் காலை இருபத்து மூன்றாவது வீட்டுக்கு வந்தார். தேவசகாயம் பின்னால் நின்றார்.

மூன்று கண்ணாடிகளில் இரண்டின் மேல் கரிப்பெட்டியின் புகை படிந்து கறுத்திருந்தது. நடுவில் இருந்தது பளிச்சென்று இருந்தது.

நசீமா ஒரு முக்காலியை இழுத்துச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அந்தக் கண்ணாடிக்கு நேர் கீழே தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

“கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன்மா,” என்றார் வேதவல்லியிடம்.

“தாராளமா உட்காரு கண்ணு.”

தேவசகாயம் ஓரடி முன்னால் வந்தார். “டீச்சர், முன்னறையில வந்து உட்காருங்களேன்.”

“ஏன் ஐயா, இங்க காத்து நல்லா வருது.”

“இல்ல, அந்தச் சுவர்...”

“சுவருக்கு என்ன? சரின்னு ஒன்பது நாளா எழுதியிருக்கீங்க. அதை நம்பித்தான் கீழ நாப்பது பேர் இறங்குறாங்க. நானும் நம்பி உட்கார்றேன்.”

“எழுந்திருங்க டீச்சர்!”

“நான் எழுந்திருச்சிடுவேன். இந்தம்மா?”

தேவசகாயம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “அது மாத்தி வச்ச மூணாவது கண்ணாடி,” என்றார்.

வேதவல்லிதான் முதலில் வாய் திறந்தாள்.

“தெரியும் அண்ணே. மூணு தடவையும் உடையிற சத்தம் கேட்டுச்சு. சொன்னா நீங்க ரெண்டு பேரும் பயந்துடுவீங்கன்னு சும்மா இருந்தேன்.”

கால் மணி நேரத்தில் கீழே தோண்டுவது நின்றது. நாற்பது பேரும் மேலே வந்தார்கள். பொறியாளர் வந்து சுவரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

“முதல் நாளே தெரிஞ்சிருந்தா இந்த ஒரு வீட்டை மட்டும் காலி பண்ணி, மண்ணுக்குள்ள சிமெண்ட் பால் இறக்கிச் சரி பண்ணியிருப்போம். நோயாளிங்க இருந்தா வைக்கத்தான் எதிர் வரிசையில ரெண்டு ரூம் எடுத்து வச்சிருக்கோம். மாடியில. ஜன்னல் தெருவைப் பார்த்து. இப்ப அந்த ரூம் உட்பட இந்தக் கோடியில ரெண்டு வரிசையும் காலி பண்ணியாகணும்.”

அப்படி இரண்டு அறைகள் இருந்தது தேவசகாயத்துக்குத் தெரியாது. அவர் யாரிடமும் கேட்கவும் இல்லை. கோதண்டம் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நண்பரைத் திட்டவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

வேதவல்லியைக் கட்டிலோடு தூக்கினார்கள். நான்கு பேரில் தேவசகாயம் ஒருவர். வண்டி நின்ற இடம் வரை தெருவில் நூற்று நாற்பது அடி நடக்க வேண்டியிருந்தது. கட்டில் வருவதைப் பார்த்ததும் செல்லம்மா பூவைக் கீழே வைத்தாள். அந்தோணி கத்தியை நிறுத்தினார். தெருவே எழுந்து நின்று வாய் மூடிக்கொண்டது.

“ஏன் யாருமே கூவல?” என்று வேதவல்லி கேட்டாள்.

தெருவில் புதினா விற்று வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருமுறை கூவிப் பார்த்தார். பாதியில் குரல் உடைந்துபோயிற்று.

அவளைக் கொண்டுபோய் வைத்தது பதினொரு கிலோமீட்டர் தள்ளி, புறவழிச்சாலை ஓரம், ஒரு புதுக் கட்டடத்தின் நான்காவது மாடியில். நல்ல அறைதான். மின்விசிறியைத் தவிர வேறு சத்தம் இல்லை. தேவசகாயம் தினமும் இரண்டு பஸ் மாறிப் போனார். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்.

“மணி என்ன அண்ணே?”

“ஆறரைம்மா.”

“அப்ப முட்டைக்காரர் போயிருப்பார்.”

“போயிருப்பார்மா.”

“இங்க ஒண்ணும் தெரியல.”

நான்காம் நாள் விடிந்தபோது அவள் இல்லை.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்துத் தேவசகாயம் நசீமாவைத் தேடிப் போனார். தேவசகாயத்தை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். பையையும் நோட்டையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நசீமா குழியின் ஓரத்தில், தகர வேலிக்கு உள்ளே நின்றிருந்தார். கீழே மறுபடி வேலை தொடங்கியிருந்தது. இருபத்து மூன்றாவது வீட்டுச் சுவர் விழாமல் நின்றது.

“பன்னிரண்டு மாத்துக் கண்ணாடி இருந்தது டீச்சர். இப்ப ஒன்பது இருக்கு. எண்ணிக்கோங்க.”

நசீமா எண்ணினார். ஒன்பது இருந்தது.

தேவசகாயம் போகாமல் நின்றார்.

“ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்?”

“கேளுங்க ஐயா.”

“பொறியாளர் சொன்னது சரிதான். நான் பண்ணினது தப்பு. அவ சாகிற எடத்தையே மாத்திட்டேன். ராத்திரி பகல் அதுதான் ஓடுது. ஆனா...”

கையிலிருந்த நோட்டை அவர் நீட்டினார். நசீமா வாங்கிக்கொண்டார்.

“அந்தச் செவ்வாய்க்கிழமை என் இடத்துல நீங்க நின்னிருந்தா? கோதண்டம் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படி அழுதிருந்தா? நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?”

நசீமா குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“நானும் சேர்ந்து அழுதிருப்பேன் ஐயா,” என்றார்.

பிறகு சொன்னார்:

“எழுதிட்டு.”