சூடு தெரியாத கூலர்

ஒரு வீட்டுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கடையில் முழுசாக வாங்கியது இல்லை. சகாயம் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து, கூடத்தில் பாய் விரித்து, தன் கையாலேயே மாட்டியது. அவன் மனைவி ஜெசிந்தா அதில்தான் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கப் போகிறாள்.

அந்த வீட்டில் புதுப் பொருள்மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை யாரும் உரிப்பதில்லை. ரிமோட்டில் தாள் அப்படியே இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவிலும் இருக்கும். உரித்தால் புதுசு போய்விடும் அல்லவா?

பெட்டிக்குள் மாட்ட வேண்டிய கூலரின் அடியிலும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதற்குள் செம்பு கண்ணாடி மாதிரி மின்னியது. கீறல் விழ வேண்டாமே என்று சகாயம் தாளை விட்டுவைத்தான். அதன் மேலேயே சூடு கடத்தும் பசையைத் தடவி, பிராசஸரின் தலையில் கூலரை வைத்துத் திருகை முறுக்கினான்.

பெட்டிக்குள் யோசிப்பது, கணக்குப் போடுவது எல்லாம் பிராசஸர்தான். வேலை செய்தால் அவளுக்குச் சூடு ஏறும். அந்தச் சூட்டை வாங்கி வெளியே விடத்தான் கூலரை வைத்திருந்தார்கள்.

முதல் நாளே அவளுக்குத் தொண்ணூறு டிகிரி.

"கூலர் அண்ணே, கொதிக்குது. கொஞ்சம் வாங்கிக்கங்க" என்றாள்.

"எங்க கொதிக்குது? நானும் இதே பெட்டியிலதானே இருக்கேன்? எவ்வளவு பொறுமையா இருக்கேன் பாரு. வந்த அன்னிக்கே உனக்கு இவ்வளவு கோவம் ஆகாதும்மா" என்றார் கூலர்.

நடுவில் இருந்த தாளிடம் அவள் கேட்டாள். "நீ கொஞ்சம் நகர்ந்தா எனக்கு மூச்சு வரும்."

"நல்லா இருக்கே! நான் இருக்கறதாலதான் அவர் மேல ஒரு கீறல் இல்ல. நான் போயிட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றது தாள்.

எல்லோரையும் தாங்கியிருந்த பலகை மதர்போர்டு கிசுகிசுத்தாள். "இந்தா பாரு, வேகத்தைக் குறைச்சுக்க. சூடும் குறையும், பேச்சும் குறையும்."

"சரி அத்தே" என்று அவள் வேகத்தைக் குறைத்தாள்.

வெளியே ஜெசிந்தா அலுத்துக்கொண்டாள். "ஏங்க, ஒரு போட்டோ திறக்குறதுக்குள்ள உலையே கொதிச்சிரும் போல. இதுக்கா புதுசு வாங்கினீங்க?"

"பாத்தியா?" என்று கூலரின் விசிறி இளித்தது. "சூடும் உன்னால, சோம்பலும் உன்னால. நான் தலை சுத்தச் சுத்தி என்ன பிரயோசனம்?"

சகாயம் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினான். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து எதிரில் வைத்தான்.

"ஆகா, என்ன காத்து!" என்று கூலர் சொக்கிப்போனார்.

பிராசஸருக்குத் தொண்ணூற்றெட்டு.

சகாயம் திரையில் அந்த எண்ணைப் பார்த்தான். "பிராசஸரே மட்டம் ஜெசி. கழட்டி எடைக்குப் போட்டுட்டு வேற வாங்க வேண்டியதுதான்."

பெட்டிக்குள் எல்லோருக்கும் அது கேட்டது.

"கேட்டியாடி? வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்தப் பேச்சு வருமா?" என்றாள் மதர்போர்டு.

"மூடிட்டுத்தானே அத்தே இருந்தேன்? கருகுற வரைக்கும் மூடிட்டே இருக்கணுமா? இனிமே குறைச்சுக்கவும் மாட்டேன், கெஞ்சவும் மாட்டேன். நூறு வந்துச்சுன்னா நின்னுடுவேன்."

"ஐயோ, நீ நின்னா பெட்டியே நின்னுடும்!"

"நிக்கட்டும்."

நின்றாள். நூறைக் காட்டிய திரை கறுத்தது. விசிறி ஓய்ந்தது. சகாயம் மறுபடி போட்டான். மறுபடி நின்றாள். மூன்றாவது தடவையும் நின்றபோது அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

ஜெசிந்தா பிளக்கைப் பிடுங்கினாள். குனிந்து கூலரின் தகடுகளில் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

"ஏங்க, இங்க தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்கு."

"அதான் ஃபேன் வெச்சேன்ல?"

"கீழ நூறுங்கிறீங்க, மேல பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. அடுப்பு எரிஞ்சும் சட்டி சுடலைன்னா அடுப்பையா தூக்கிப் போடுவீங்க? நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க முதல்ல."

சகாயம் திருகைக் கழற்றிக் கூலரைத் தூக்கினான். அடியில் பசை பூசிய தாள் பளபளத்தது.

"தொடாதீங்க! உரிச்சா புதுசு போயிடும்!" என்று தாள் கத்தியது.

ஜெசிந்தா ஓரத்தில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். "ஏங்க, இதையுமா உரிக்காம விட்டீங்க?"

"கீறல் விழக் கூடாதேன்னு..." சகாயம் வேறு பக்கம் பார்த்தான்.

பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை வைத்துத் திரும்ப மாட்டினார்கள். முதல் தடவையாகக் கூலரின் செம்பு பிராசஸரின் தலையோடு ஒட்டி உட்கார்ந்தது. ஜெசிந்தா ஆல்பத்தைத் திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கூலர் அலறினார். "ஐயையோ, என்னம்மா இது! இவ்வளவு சூட்டையா ஒத்தையா வெச்சிருந்தே?"

"ஆமாண்ணே."

"தாங்கலைம்மா. கொஞ்சம் மெதுவாப் போயேன்."

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கல்யாண போட்டோ முந்நூறையும் அவள் ஒரே மூச்சில் திறந்தாள்.